ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு: 12 தொகுதிகளைச் சேர்ப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வரலாற்று நூல்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் தனி நூல்களைத்தான் தேடுவார்கள். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு, நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை நாட்டு நூல், சீவெல் 1900இல் எழுதிய விஜயநகர நூல் என்று. ஒரு நூல், ஓர் ஆண்டு. கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் இல்லை. தொகுதி தொகுதியாக வெளிவந்த நூலில் கை வைக்கும்போதுதான் வேலையின் முழுப் பரிமாணமும் தெரியவரும். எந்தப் பதிப்பு, யார் பதிப்பித்தது, எந்தப் பிரதியிலிருந்து அச்சுக்குப் போனது, நடுவில் என்ன விடுபட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைவிட நல்ல உதாரணம் தென்னிந்திய வரலாற்று நூல்களில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆங்கிலத்தில் 12 தொகுதிகள். முதல் தொகுதி 1904இல், கடைசித் தொகுதி 1928இல். பிரெஞ்சில் அதற்கு முன்பே சில பகுதிகள் வந்துவிட்டன. தமிழில் அச்சேறியது 1948 முதல். தமிழில் எழுதப்பட்ட ஒரு நூல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிப் பரவிய பிறகே தமிழில் அச்சாயிற்று. இந்தத் தலைகீழ் வரிசையே இந்த நூலைச் சேர்ப்பவர் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது.

எழுதியவரும் எழுதிய காலமும்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709 மார்ச் 30 அன்று சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை. நெருங்கிய உறவினரான நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபார இடைத்தரகருமாக, இருந்தவர். 1716இல் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டே சிறையில் இறந்தார். அப்படியொரு குடும்ப நினைவோடு வளர்ந்தவர், பின்னாளில் அதே பதவிக்கு வந்து ஆளுநர் துய்ப்ளேவின் வலக்கையாக இருந்தார். ஒவ்வொரு நாளும் யார் வந்தார், யார் என்ன சொன்னார், யார் முகம் எப்படியிருந்தது என்று அவர் இத்தனை கவனமாக எழுதிவைத்ததற்கு இந்தக் குடும்ப நினைவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு எழுத்து ஒரு பாதுகாப்பு.

நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை போகிறது. அந்த ஜனவரியில்தான் பிள்ளை இறந்தார். சில நாட்களிலேயே, 16ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. நடுவில் இருக்கும் கால் நூற்றாண்டில் என்னதான் இல்லை? 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தது, அதைத் திருப்பித் தருவதா கூடாதா என்று அவருக்கும் துய்ப்ளேவுக்கும் நடந்த சண்டை, அதே ஆண்டு அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் படை தோற்றது, 1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டது, அந்த முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. போரோடு போராக, கப்பல் வரவு, துணி வியாபாரம், கடன், கல்யாணம், சாதித் தகராறு, ஜோசியம் எல்லாம் வரும். தொடக்கத்தில் தானே சொல்கிறார்: காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கப்பல்களின் போக்குவரவையும் புதுமையாக நடப்பதையும் எழுதப் போவதாக. சொன்னபடியே செய்திருக்கிறார்.

கையெழுத்திலிருந்து அச்சுக்கு

பிள்ளை இறந்த பிறகு ஏடுகள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846இல் புதுச்சேரியிலிருந்த அர்மான் கல்லுவா-மோன்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் பிரதி எடுக்கச் செய்தார். 1849இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அதே காலத்தில் புதுச்சேரியில் இருந்த எதுவார் அரியேல் எடுத்த பிரதி பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது. 1870இல் லோத் என்பவர் 1748 முற்றுகைப் பகுதியை மட்டும் பிரெஞ்சில் புதுச்சேரியிலேயே வெளியிட்டார். 1894இல் ழூலியன் வேன்சோன் 1736 முதல் 1748 வரையான பகுதியிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளைப் பாரிசில் ஒரு நூலாகக் கொண்டுவந்தார்.

சென்னை அரசின் கவனத்துக்கு இது வந்தது 1892இல். அதன் பிறகு ஒரு பிரதி எடுக்கப்பட்டு, அதை மொழிபெயர்க்க ஏற்பாடு நடந்தது. முதல் மூன்று தொகுதிகளைப் பதிப்பித்தவர் சர் பிரெடெரிக் பிரைஸ். அரசுச் செயலகத்தில் ஆவணக் கண்காணிப்பாளராக இருந்த கே. ரங்காச்சாரி உடனிருந்து உதவினார். அவை 1904, 1907, 1914 ஆண்டுகளில் வந்தன. நான்காம் தொகுதியிலிருந்து, அதாவது 1916 முதல், பதிப்பாசிரியர் ஹென்றி டாட்வெல். எழும்பூரில் இன்று தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக இருக்கும் அன்றைய சென்னை ஆவண அலுவலகத்தின் காப்பாளர் அவர். பின்னர் லண்டனுக்குப் பேராசிரியராகப் போனபோதும் இந்த வேலையை விடவில்லை. 12ஆம் தொகுதி 1928இல் வந்து முடிந்தது.

இந்தச் சங்கிலியைச் சேகரிப்பவர் ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்றால், நம் கையில் வரும் எந்தத் தொகுதியும் பிள்ளையின் ஏட்டிலிருந்து நேராக வந்ததல்ல. ஏட்டிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பிலிருந்து அச்சு. ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதக் கை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். பிரெஞ்சுப் பெயர்களோ தமிழ் நாவுக்கு வந்த வடிவத்தில். படியெடுத்தவர் ஓர் எழுத்தை மாற்றிப் படித்தால் ஓர் ஊர் இன்னோர் ஊராகிவிடும். அதனால் வரலாறு எழுதுகிறவருக்கு ஒரு பதிப்பு போதாது. இந்த நாட்குறிப்பை அலமாரியில் வைப்பவர் ஆங்கிலத் தொகுதிகளோடு வேன்சோனையும், புதுச்சேரித் தமிழ்த் தொகுதிகளையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த அலமாரிக்குப் பயன் உண்டு என்பது என் கட்சி. ஆங்கிலத் தொகுதிகளின் முதல் அச்சு மட்டும் வரிசையாக நின்றால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

உதிரிகளாகவே கிடைப்பது ஏன்

12 தொகுதிகளும் முதல் அச்சில், ஒரே பைண்டிங்கில், ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். காரணம் வெளியான வேகத்திலேயே இருக்கிறது. முதல் தொகுதிக்கும் கடைசிக்கும் 24 ஆண்டு. இரண்டாம் தொகுதிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மட்டுமே ஏழு ஆண்டு. 1904இல் ஆர்வத்தோடு வாங்கிய ஒரு வக்கீலோ கலெக்டரோ 1928 வரை அதே ஊரில், அதே ஆர்வத்தோடு இருந்திருப்பார் என்று சொல்ல முடியாது. தொடர்ந்து வாங்கியவை பெரும்பாலும் நூலகங்களும் அரசு அலுவலகங்களும்தான். அதனால் தனியார் வீட்டிலிருந்து வரும்போது முதல் இரண்டு மூன்று தொகுதிகளும், நிறுவனங்களிலிருந்து கழித்து வரும்போது பின்னாலுள்ள தொகுதிகளும் கண்ணில் படுகின்றன. இது என் அனுபவத்தில் கண்டது, விதியாகச் சொல்லவில்லை.

சென்னையில் பழைய புத்தகம் என்றாலே ஒரு தலைமுறைக்கு மூர் மார்க்கெட்தான். 1985இல் அது எரிந்துபோனபோது எத்தனை நூலகங்களின் அளவுக்குப் புத்தகம் போயிற்று என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கிடைத்தது. இன்று அங்கே போனால் பெரும்பாலும் பாடப்புத்தகமும் போட்டித் தேர்வுப் புத்தகமும்தான். ஆனாலும் வரலாற்று நூல் வேண்டும் என்று சொல்லிவைத்தால் சில கடைக்காரர்கள் உள்ளே எடுத்துவைப்பார்கள். நடைபாதைக் கடைக்கு வரும் சரக்கு பெரும்பாலும் வீடு காலி செய்பவர்களிடமிருந்தும் பழைய பேப்பர் கடையிலிருந்தும் வருகிறது. எடைக்குப் போடப்பட்ட புத்தகத்தை ஒரு கடைக்காரர் பிரித்தெடுத்து வைக்காவிட்டால் அது அரைப்பதற்குப் போய்விடும். கடைக்காரரின் கண்ணுக்கு நாம் கொடுக்கும் மரியாதை இங்கிருந்து தொடங்க வேண்டும். அட்டை இல்லாத ஆறாம் தொகுதியை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நமக்காகத்தான்.

உதிரி வாங்குவதில் நான் கடைப்பிடிக்கும் முறை இது. நடுத் தொகுதி எது கிடைத்தாலும், அட்டை எப்படி இருந்தாலும், உள்ளே பக்கம் முழுதாக இருந்தால் வாங்கிவிடுவேன். முதல் தொகுதிக்கு அவசரம் காட்ட மாட்டேன், அது மீண்டும் வரும். முழு செட்டாக ஒருவர் விற்க வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நடுவில் மறுஅச்சுத் தொகுதி ஏதாவது கலந்திருக்கிறதா என்பதை.

1904 என்று அச்சிட்ட தாள்

1985இல் டெல்லியில் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் நிறுவனம் 12 தொகுதிகளையும் மறுஅச்சிட்டது. வரலாறு படிப்பவர்களுக்கு அது பெரிய உதவி. அந்த மறுஅச்சு இல்லாவிட்டால் பல கல்லூரி நூலகங்களில் இந்த நூலே இருந்திருக்காது. ஆனால் அது பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிட்டது. பழைய முகப்புத் தாளும் அதில் இருக்கும்: சென்னை, அரசு அச்சகம், 1904. முன்னால் இருக்கும் மறுஅச்சு விவரத் தாள் கிழிந்துபோயிருந்தாலோ மறுபைண்டிங்கில் விடுபட்டிருந்தாலோ, அந்த 1904ஐப் பார்த்துக் கடைக்காரர் முதல் அச்சு என்றே நம்பிவிடுவார். அவர் மனமறிந்து ஏமாற்றுவதில்லை. முகப்பில் உள்ளதைத்தான் அவர் சொல்கிறார்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஆண்டைப் பார்த்துப் பயனில்லை, தாளைப் பார்க்க வேண்டும். 1904இல் ஈய எழுத்தைக் கோத்து, மை தடவி, தாளின்மேல் அழுத்தி அச்சிட்டார்கள். அந்த அழுத்தம் தாளில் நிற்கும். ஒரு பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பிடித்தால், பின்பக்கத்தில் எழுத்துகள் லேசாகப் புடைத்திருப்பது தெரியும். விரல் நுனியால் மெல்லத் தடவினாலும் சொரசொரப்பு புரியும். ஆஃப்செட் மறுஅச்சில் பக்கம் வழுவழுவென்று தட்டையாக இருக்கும். எழுத்தின் விளிம்பையும் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பழைய அச்சில் மை எழுத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு ஓரம் கொஞ்சம் கறுப்பாக இருக்கும். மறுஅச்சில் ஒரே சீரான கறுப்பு. பழைய பக்கத்தில் இருந்த மங்கலும் உடைந்த எழுத்தும் அப்படியே படமாக வந்திருக்கும்.

அப்புறம் பக்கங்களை எண்ண வேண்டும். முகப்பு, முன்னுரை, பொருளடக்கம், பிழைதிருத்தம், கடைசியில் சொல்லடைவு. பதிப்பாசிரியர் முன்னுரை இல்லாத தொகுதிக்குப் பாதி மதிப்புகூட இல்லை என்பேன். எந்தப் பிரதியை வைத்து மொழிபெயர்த்தார்கள், எந்த மாதங்கள் கிடைக்கவில்லை என்று சொல்லும் இடம் அதுதான். 1750களில் இந்த நாட்குறிப்பில் இடைவெளிகள் உண்டு. முன்னுரையைப் படிக்காமல் உள்ளே போனால், பிள்ளை அந்த மாதங்களில் எழுதவில்லை என்று நினைத்துவிடத் தோன்றும். எழுதாமல் விட்டது வேறு, எழுதியது கிடைக்காமல் போனது வேறு. வரலாறு எழுதும்போது இந்த வேறுபாட்டில் ஒரு முழு வாதமே நிற்கும் அல்லது விழும்.

பிரைஸின் தொகுதிகளையும் டாட்வெலின் தொகுதிகளையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு கைகள் தெரியும். பிரைஸ் பெரிய பெரிய அத்தியாயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் சுருக்கம் தந்து, வாசகரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறார். டாட்வெலுக்கு ஆவணக் காப்பாளர் புத்தி. நாள் நாளாக விட்டுவிட்டு, ஆங்கில பிரெஞ்சு ஆவணங்களோடு ஒப்பிட்டு அடிக்குறிப்பு போடுகிறார். துய்ப்ளேவையும் கிளைவையும் பற்றி அவர் 1920இல் வெளியிட்ட நூல் இந்த வேலையின் நடுவில் பிறந்ததுதான். அவர் பார்வை ஆங்கில அரசின் பார்வை, அதை மறக்கக் கூடாது. ஆனால் அடிக்குறிப்பில் அவர் காட்டும் நேர்மை எனக்குப் பிடிக்கும்.

11 நாள்

என்னிடம் உள்ள இரண்டாம் தொகுதியில், சென்னைக் கோட்டை வீழ்ந்த பகுதியில், ஓரத்தில் யாரோ பென்சிலால் "10?" என்று எழுதியிருக்கிறார். அச்சில் இருப்பது 1746 செப்டம்பர் 21. முன்பு வைத்திருந்தவர் கவனமான வாசகர். எச். டி. லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய நான்கு தொகுதி நூலைப் பக்கத்தில் வைத்துப் படித்திருக்க வேண்டும். அங்கே கோட்டை ஒப்படைக்கப்பட்ட நாள் செப்டம்பர் 10.

இரண்டும் சரி. பிரான்ஸ் 1582இலேயே கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 செப்டம்பரில்தான் மாறியது. அந்த மாதம் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14 ஆயிற்று. அதுவரை சென்னைக் கோட்டைக்கும் புதுச்சேரிக் கோட்டைக்கும் நடுவில் 11 நாள் வித்தியாசம். ஒரே கடற்கரை, ஒரே சூரியோதயம், இரண்டு தேதி. 1752க்கு முந்தைய எந்த நிகழ்ச்சியையும் இந்த இரண்டு நூல்களிலிருந்தும் எடுத்து எழுதுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால், பதில் கடிதம் கேள்விக் கடிதத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

மூன்றாவது தேதி ஒன்றும் உண்டு, அதுதான் பிள்ளையுடையது. நாட்குறிப்பு தொடங்கும் நாளை அவர் நள வருஷம் ஆவணி மாதம் 25 என்கிறார். ஐரோப்பியக் கணக்கில் அது 1736 செப்டம்பர் 6. இன்றைய காலண்டரை எடுத்துப் பார்த்தால் ஆவணி 25 செப்டம்பர் 10 வாக்கில் வரும். அப்படியானால் பதிப்பாசிரியர் தப்பு செய்தாரா? இல்லை. நம்முடைய சூரிய ஆண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சற்று நீளம். அந்த மிச்சம் சேர்ந்து ஏறத்தாழ 60 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளும். 1736இலிருந்து இன்றுவரை நாலைந்து நாள் தள்ளியிருக்கிறது. ஆங்கிலப் பதிப்பாளர்கள் தமிழ்த் தேதியைத் தூக்கி எறியாமல் விட்டுவைத்ததால்தான் இந்தச் சரிபார்ப்பை நாம் செய்ய முடிகிறது. பென்சில் குறிப்பை நான் அழிக்கவில்லை. பழைய புத்தகத்தில் முன்னவர் குறிப்பை அழிப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அதுவும் அந்தப் பிரதியின் வரலாறு.

முத்திரைகள்

நூலகத்திலிருந்து வந்த பிரதி என்றால் மூன்று அடையாளம் இருக்கும்: நூலக முத்திரை, சேர்க்கை எண், கழிக்கப்பட்டது என்ற முத்திரை. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு மட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை. எத்தனை நாள் தேடிய தொகுதியாக இருந்தாலும் சரி. இயங்கிக்கொண்டிருக்கும் நூலகத்திலிருந்து வெளியேறிய புத்தகத்தை வாங்கினால், அடுத்தது வெளியேற நாமே வழி செய்கிறோம். நூலகமே இப்போது இல்லை, கலைக்கப்பட்டுவிட்டது என்றால் அது வேறு கதை. அப்போது கடைக்காரரிடம் எப்படி வந்தது என்று கேட்டு, கேட்டதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

பழைய வரலாற்று நூல்களோடு சில சமயம் கையெழுத்துக் கணக்கேடு, ஓலை, பழைய கடிதக் கட்டு எல்லாம் சேர்ந்து வரும். இந்தியச் சட்டத்தில் இது கவனமாக நடக்க வேண்டிய இடம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் 75 ஆண்டைக் கடந்துவிட்டால் தொல்பொருள் ஆகிவிடும். நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதைவிட முக்கியம், அதைப் பிரித்து விற்கக் கூடாது என்பது. ஒரு குடும்பக் கணக்கேடு கட்டோடு இருந்தால்தான் ஆவணம். பத்துப் பேரிடம் பத்துத் தாளாகப் போனால் அது அலங்காரப் பொருள். பிள்ளையின் ஏடுகள் 85 ஆண்டு ஒரே குடும்பத்தில் கிடந்ததால்தான் 1846இல் யாரோ ஒருவர் கண்டெடுக்க ஏதோ மிஞ்சியிருந்தது.

தாள் படும் பாடு

1900க்கும் 1930க்கும் நடுவில் அச்சான தாளில் பெரும்பகுதி மரக்கூழ்த் தாள். உள்ளே அமிலம் இருக்கிறது. நம்மூர் வெப்பமும் ஈரமும் அதை வேகப்படுத்தும். ஓரம் பழுப்பேறி, மடித்தால் ஒடியும். அதற்கு முந்தைய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நூல்கள் கந்தல் துணிக் கூழில் செய்த தாளில் இருப்பதால் இன்றும் வெள்ளையாகவே நிற்பதைப் பார்க்கலாம். வயது குறைந்த புத்தகம் முதலில் சாவது வேதனையான விஷயம், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை சில ஆண்டில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்கவும் முடியாது. கிழிந்த இடத்துக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும்தான். ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் வைப்பது நம் வழக்கம். தவறில்லை, ஆனால் புத்தகங்களை மாதத்துக்கு ஒரு முறை கையில் எடுத்துப் புரட்டுவதற்கு ஈடான மருந்து கிடையாது. பூச்சிக்குப் பிடித்தது யாரும் தொடாத அலமாரி. மறுபைண்டிங் கொடுக்கும்போது ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று பைண்டரிடம் வாயால் சொன்னால் போதாது, துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள். ஓரக் குறிப்புகள் அந்த வெட்டில்தான் போகும். பழைய அட்டையில் ஏதாவது பெயரோ சீட்டோ ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துப் புதிய பைண்டிங்குக்குள் வைக்கச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். நானும் ஸ்கேனைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு பெயரைத் தேட அதற்கு ஈடில்லை. ஆனால் ஸ்கேன் செய்தவர் மடிப்பு வரைபடத்தை விரிக்காமல் விட்டிருப்பார், இரண்டு பக்கம் சேர்ந்து திரும்பியிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். சந்தேகம் வரும்போது போய்ப் பார்க்க எங்காவது ஒரு தாள் பிரதி இருக்க வேண்டும். எல்லாத் தாள் பிரதிகளும் பெரிய நூலகங்களில் மட்டுமே இருப்பது நல்லதல்ல என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிக்கப்பட்டபோது நாம் பார்த்துவிட்டோம்.

தமிழ்த் தொகுதிகள்

புதுச்சேரியில் ஞானு தியாகு பதிப்பித்து 1948 முதல் வந்த எட்டுத் தமிழ்த் தொகுதிகள்தான் என் பார்வையில் இந்த அலமாரியின் நடுநாயகம். ஆங்கிலத் தொகுதியைவிட இவற்றைத் தேடுவது கடினம். கடைக்காரர்கள் ஆங்கில நூலுக்குத் தனி அடுக்கு வைப்பார்கள். 1950களின் தமிழ் நூல் என்றால் பழைய நாவல்களோடும் சமய நூல்களோடும் கலந்து கிடக்கும். அதனால் தமிழ் அடுக்கையும் விடாமல் புரட்ட வேண்டும்.

ஆங்கிலத்தில் பிள்ளை ஒரு பிரிட்டிஷ் அதிகாரியைப் போலவே வாக்கியம் அமைத்துப் பேசுகிறார். தமிழில் அவர் குரலே வேறு. வாக்கியம் பக்கம் பக்கமாக ஓடும். நடுவில் ஆளுநர் சொன்னதும் இவர் மனத்தில் நினைத்ததும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வராகனும் பணமும் காசுமாகக் கணக்கு வரும். வியாபாரி ஒருவர் இரவு விளக்கடியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது போன்ற வேகம் அதில் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் படித்த தமிழர் எப்படித்தான் உரைநடை எழுதினார்கள் என்று கேட்பவருக்கு இதைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது. அதனாலேயே இதை வரலாற்று நூல் என்று மட்டும் அடுக்காமல், தமிழ் உரைநடையின் முதல் பெரிய ஆவணங்களில் ஒன்றாகவும் சேர்க்க வேண்டும்.

அந்தப் பதிப்பு எட்டுத் தொகுதிகளோடு நின்றது. நாட்குறிப்பின் பிற்பகுதி தமிழ் வாசகர் கைக்கு வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 2019இல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து அகநி வெளியீடாக 12 தொகுதிகள் வந்தன. புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும், புத்தம் புதிதாக, கடையிலேயே. பழைய பதிப்பு தேடுகிறவன் புதுப் பதிப்பைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்கே உதிரித் தொகுதியின் அருமை தெரியும்.

பிள்ளையோடு இந்த மரபு முடிந்துவிடவில்லை. அவருக்குப் பின் அவர் குடும்பத்தைச் சேர்ந்த ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரை எழுதியிருக்கிறார். இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பை ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் 1992இல் வெளியிட்டார். இவை சிறு வெளியீடுகள். அச்சிட்ட பிரதிகள் தீர்ந்துவிட்டால் மறுபடி வரும் என்று நம்பி இருக்க முடியாது. 100 ஆண்டுப் பழமைக்கு ஓடும் சேகரிப்பாளர்கள் முப்பது ஆண்டுப் பழமையான இந்த நூல்களைக் கைநழுவ விடுகிறார்கள். விலை குறைவாக இருக்கும்போதே இவற்றை வாங்கி வைப்பது நல்லது.

இப்போதைய நிலை

என் அலமாரியில் ஆங்கிலத் தொகுதிகள் கலவையாக நிற்கின்றன: பெரும்பாலானவை முதல் அச்சு, ஒன்றிரண்டு வேறு வேறு பைண்டிங், எட்டாவது மட்டும் 1985 மறுஅச்சு. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ஒரு தாளில் எங்கே வாங்கியது, முன்பு யாரிடம் இருந்ததாகத் தெரிகிறது, எந்தப் பக்கம் இல்லை, எந்தப் பக்கத்தில் குறிப்பு இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இதை எடுப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எழுதிய தாளை ஒட்டக் கூடாது, செருகிவைத்தால் போதும். மையும் பேனாவும் வேண்டாம், பென்சில்தான்.

1922இல் வந்த எட்டாம் தொகுதியின் முதல் அச்சு கிடைத்தால் மறுஅச்சைத் தேவைப்படும் ஒரு மாணவருக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. தமிழ்த் தொகுதிகளில் இன்னும் தேட வேண்டியது உண்டு. வேன்சோனின் 1894 நூலுக்குப் புதுச்சேரியில் சொல்லிவைத்திருக்கிறேன்.